நோன்னா வீட்டில் ஒரு ஞாயிறு: முதன்முறை போகும் குடும்பத்துக்கு

இத்தாலியில் பாட்டியை நோன்னா என்பார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழியின் நோன்னாவாக இருக்கலாம், புது மருமகனின் நோன்னாவாக இருக்கலாம். "ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாருங்கள்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு முழு நாளை உங்களுக்காக எடுத்து வைத்துவிட்டார் என்று பொருள். பெரும்பாலான வீடுகளில் அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் அடுப்பில் ரகூ (பாஸ்தாவுக்கான இறைச்சிக் குழம்பு) ஏறியிருக்கும். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவில். எழுந்து கிளம்ப மாலை ஐந்தாகும். அந்த நாளில் எல்லாமே மேசையில் முதல் தட்டு வைக்கும் நேரத்தை வைத்துத்தான் நகர்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

இத்தாலி முழுவதும் ஒரே சமையல், ஒரே பழக்கம் கிடையாது. தெற்கே பலெர்மோ பாட்டி வீட்டில் நடப்பது வேறு, வடக்கே பொலோஞா பாட்டி வீட்டில் நடப்பது வேறு. இங்கே பொலோஞாவையும் அதற்குத் தெற்கே ரேனோ ஆற்றங்கரையோடு மலையேறும் ஊர்களையும் எடுத்துக்கொள்கிறோம்: சாஸ்ஸோ மார்க்கோனி, மார்சபோத்தோ, வெர்காத்தோ, போரெத்தா. முட்டை மாவைக் கையால் தேய்த்துச் செய்யும் பாஸ்தாவுக்குப் பேர்போன பகுதி இது.

அழைப்பு வந்த அன்றே பேச வேண்டியது

சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவாக இருந்தாலும் நான்கைந்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால், சனிக்கிழமை முழுவதும் சமைத்த ஒருவருக்கு அதைவிட வருத்தம் வேறில்லை. முன்பே சொன்னால் அவர் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு மாற்றிச் செய்வார்.

"நாங்கள் வெஜித்தேரியானி" என்று மட்டும் சொன்னால் போதாது. வயதான பலருக்கு அந்தச் சொல், தட்டில் இறைச்சித் துண்டு இல்லை என்ற அளவில்தான் புரியும். இறைச்சி வேகவைத்த சாறும் பன்றிக் கொழுப்பும் அவர்கள் கணக்கில் இறைச்சியாகவே வராது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: கார்னே (இறைச்சி), பெஷ்ஷே (மீன்), ப்ரோதோ தி கார்னே (இறைச்சிச் சாறு), ஸ்த்ருத்தோ (உருக்கிய பன்றிக் கொழுப்பு). முக்கியமாக ஸ்த்ருத்தோவை விட்டுவிடாதீர்கள். பொலோஞாவில் ஃப்ரிஜ்ஜோனே என்று ஒரு பதார்த்தம் உண்டு. வெள்ளை வெங்காயத்தையும் தக்காளியையும் மணிக்கணக்கில் சிறுதீயில் வதக்கிச் செய்வது. பார்த்தால் நம் வெங்காயத் தொக்கு போலவே இருக்கும், சைவம் என்று நம்பி எடுத்துப் போட்டுக்கொள்வோம். பழைய முறைப்படி அதில் ஸ்த்ருத்தோதான் ஊற்றுவார்கள். பியாதீனா ரொட்டியிலும், மலையூர்களில் சுடும் சிறு வட்ட ரொட்டிகளிலும் அதே கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்கள் அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொலோஞா ரகூவின் அடிப்படையே கரகரப்பாக அரைத்த மாட்டிறைச்சியும் பன்றியின் பன்செத்தாவும்தான், ஒயினும் சேரும். தொர்தெல்லீனி என்ற சிறு முடிச்சுப் பாஸ்தாவின் உள்ளே பன்றி இறைச்சி, ப்ரோஷூத்தோ, மோர்தாதெல்லா மூன்றும் இருக்கும். பன்றி விலக்கியவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைக்கப்படுவது. கண்டிப்பான சைவக்காரர்களுக்கு அது ஆகாது. "சென்ஸா பார்மிஜானோ" என்றால் அவர்களுடைய தட்டில் தூவாமல் விட்டுவிடுவார்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை. தக்காளிச் சாறில் தால்யத்தெல்லே (நாடா போல வெட்டிய பாஸ்தா), வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தால்யத்தெல்லே, ரிக்கோத்தா பாலாடை அடைத்த பெரிய தொர்தெல்லோனி எல்லாமே அந்த வீட்டின் பழகிய பதார்த்தங்கள்தான். ஆனால் ரிக்கோத்தா பூரணத்தோடு பார்மிஜானோவையும் பெரும்பாலும் பிசைந்தே வைப்பார்கள். அதை விலக்குபவர்கள் முதல் இரண்டைக் கேளுங்கள். முட்டையும் ஆகாது என்றால், கடையில் பாக்கெட்டில் வரும் காய்ந்த கோதுமைப் பாஸ்தாவில் சாதாரணமாக முட்டை இருக்காது. "பாஸ்தா தி செமோலா, சென்ஸா உவோவா" என்று சொன்னால் போதும். கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், தக்காளிச் சாறு போதும்."

கையில் கொண்டுபோக வேண்டியவை

வெறுங்கையோடு போகக்கூடாது என்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஞாயிறு காலை பாஸ்திச்செரியா என்ற இனிப்புக் கடையில் சிறு இனிப்புப் பண்டங்களைத் தட்டில் அடுக்கிக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுப்பார்கள். அதுதான் ஊர் வழக்கம். "பாஸ்தே மிஞ்ஞோன்" என்று கேட்டால் கடிவாய் அளவு பண்டங்கள், எடை போட்டு விற்பார்கள். எட்டுப் பேருக்கு எழுநூறு கிராமிலிருந்து ஒரு கிலோ வரை போதும். இரண்டு எச்சரிக்கை: சில பண்டங்களில் மதுச்சாறு ஊறியிருக்கும், பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்குங்கள். கடைகள் பல ஞாயிறு மதியத்துக்குள் மூடிவிடும், மலையூரில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். தட்டைச் சாய்க்காமல், மடியில் கிடையாக வைத்துக்கொண்டு போங்கள். க்ரீம் ஒருபக்கம் ஒதுங்கிவிட்டால் பார்க்கவே மனசு கெட்டுவிடும்.

பூ வாங்குவதில்தான் நாம் தவறும் இடம் வருகிறது. நமக்குச் சாமந்தி மங்கலம், மாலையிலும் பூஜையிலும் அதுதான் முதலில். இத்தாலியில் சாமந்தி கல்லறைப் பூ. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளுக்கு அதைத்தான் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவார்கள். வயதான பெண்மணியின் வாசலில் ஒரு கொத்துச் சாமந்தியோடு நிற்பது மிகப் பெரிய சங்கடம். வேறு எந்தப் பூவானாலும் சரி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் கட்டச் சொல்லுங்கள். தொட்டிச் செடி இன்னும் நல்லது, வெகுநாள் சன்னலோரம் நிற்கும்.

நம் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோக ஆசையிருந்தால், மிளகாய் சேராத முறுக்கு, தேங்காய் பர்பி, நல்ல இலங்கைத் தேயிலை இவற்றில் ஒன்று. இதை மதியச் சாப்பாட்டில் வைக்கச் சொல்லாதீர்கள். அவருடைய சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு, அதில் இடம் இருக்காது. மாலை நாலரை ஐந்துக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிற்றுண்டியை மெரெந்தா என்பார்கள். முறுக்குக்கு அதுதான் நேரம்.

பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை, காலுறை, மாற்று உடை ஒன்று எடுத்து வையுங்கள். மே மாதமானாலும் சரி. வேர்த்த உடம்பில் காற்று பட்டால் நோய் வரும், ஈரத் தலையோடு வெளியே போகக்கூடாது, வெறுங்காலோடு தரையில் நிற்கக்கூடாது: இந்த மூன்றிலும் நோன்னாவும் நம் ஊர் ஆச்சியும் ஒரே கட்சி. பிள்ளை வெறும் கையில்லாச் சட்டையோடு வந்து நின்றால் நாள் முழுக்க அவருக்கு அதே கவலை.

ரயில்

பொலோஞாவிலிருந்து போரெத்தா வழித்தடத்தில் போகும் வட்டார ரயில் இந்த ஊர்களிலெல்லாம் நிற்கும். வெர்காத்தோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். புதிதாகப் போகிறவர்கள் பொலோஞா சென்த்ராலே நிலையத்திலேயே வண்டியைத் தவறவிடுவதுண்டு. காரணம் ஒரே ஒரு சொல். அறிவிப்புப் பலகையில் நடைமேடை எண்ணோடு 'ஓவெஸ்த்' என்று இருந்தால் அது மேற்குப் பக்கத்துத் தனி நடைமேடைத் தொகுதி. "4 ஓவெஸ்த்" வேறு, வெறும் 4 வேறு. முகப்பு வாசலிலிருந்து அங்கே நடக்கவே ஐந்து நிமிடமாகும், கைவண்டியும் குழந்தையும் என்றால் இன்னும் கூடும். வண்டி புறப்பட இருபது நிமிடம் முன்பே நிலையத்தில் இருங்கள்.

நேர அட்டவணையில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் அந்த வண்டி வேலைநாளில் மட்டும் ஓடும். சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறையும். செவ்வாய்க்கிழமை போய்வந்த அதே வண்டி ஞாயிறு இருக்கும் என்று எண்ணாதீர்கள், ஞாயிறு வண்டிகள் குறைவு. திரும்பும் வண்டியையும் முந்தின நாளே பார்த்து, அதற்கு அடுத்த வண்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வட்டார ரயில்களுக்குக் காலை 6 முதல் 9, மாலை 18 முதல் 21 வரை வண்டி ஓடும் என்ற உத்தரவாதம் வேலைநாட்களுக்குத்தான்.

காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, பணம் கொடுத்து வாங்கியதுதான் என்றாலும் அபராதத்துக்கு உரியது. கைபேசியில் வாங்கிய வட்டாரச் சீட்டுக்கு, ஏறுவதற்கு முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம், நான்கு முதல் பன்னிரண்டு நிரம்பும்வரை பாதிக் கட்டணம்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது? சாப்பிட மட்டும் அழைத்திருந்தால் சொன்ன நேரம், அல்லது ஐந்து பத்து நிமிடம் தாமதம். முன்கூட்டிப் போய் நிற்காதீர்கள், அவர் அப்போது ஏப்ரனோடு இருப்பார், தலைவாரியிருக்க மாட்டார். ஆனால் முடிந்தால், அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "கொஞ்சம் முன்னாடியே வந்து பிள்ளைகளோடு நீங்கள் மாவு தேய்ப்பதைப் பார்க்கலாமா?" இந்த ஒரு கேள்விக்கு மறுப்புச் சொல்லும் நோன்னா அபூர்வம். பத்து மணிக்கு வரச் சொல்வார். எங்களைக் கேட்டால், இந்தப் பயணத்தின் பயன் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

வாசலில்

கதவு திறந்திருந்தாலும் படியில் நின்று "பெர்மெஸ்ஸோ" என்று சொல்லுங்கள், உள்ளே வரலாமா என்று பொருள். "அவந்தி, அவந்தி" என்று பதில் வந்த பிறகு கால் வைக்கலாம். பெரியவரை எடுத்தவுடன் 'தூ' என்று ஒருமையில் விளிக்கக்கூடாது, 'லேயி' என்ற மரியாதை வடிவம். அவரே "தூ என்றே சொல்" என்று சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவர்கள் நோன்னா என்றே கூப்பிட்டால் போதும். கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு பக்கமும் முகமன் சொல்வது வழக்கம். அவர் முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், கூச்சமிருந்தால் கை கொடுத்தாலும் தவறில்லை.

செருப்பு விஷயம்: நாம் அனிச்சையாக வாசலிலேயே கழற்றுவோம். பல இத்தாலிய வீடுகளில் விருந்தாளி காலணியோடுதான் உள்ளே வருவார், கழற்றினால் "வேண்டாம், வேண்டாம்" என்று பதறுவார்கள். சில வீடுகளில் வீட்டுச் செருப்பு எடுத்துத் தருவார்கள். "கழற்றட்டுமா?" என்று கேட்டுவிடுவதுதான் வழி. பண்டத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டால் அது நேரே சமையலறைக்குப் போய்விடும், சாப்பாடு முடிந்து காபிக்கு முன்தான் வெளியே வரும். மற்றப் பரிசுகளை உங்கள் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பார்.

பலகைக்கு முன்னால்

சமையலறை மேசையின்மேல் அகலமான மரப்பலகை விரித்திருக்கும். ஒரு விளிம்பில் கீழ்நோக்கிய கட்டை இருக்கும், அது மேசை ஓரத்தில் முட்டிக்கொண்டு பலகையை நகராமல் பிடிக்கும். உருட்டுக்கட்டை நம் சப்பாத்திக் கட்டையைப் போல ஒரு முழம் கிடையாது, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே தடிமன். அதற்கு மத்தரெல்லோ என்று பெயர். தேய்த்து விரித்த மாவுத் தகட்டுக்கு ஸ்ஃபோல்யா. மரத்தில் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு: மரத்தின் சொரசொரப்பு மாவில் பதியும், அந்தச் சொரசொரப்பில்தான் சாறு பிடித்து நிற்கும். சலவைக்கல்லில் தேய்த்த தகடு வழவழவென்றிருக்கும், சாறு வழுகித் தட்டின் அடியில் தேங்கிவிடும்.

அளவு எளிது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. மாவு '00' என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் நைசான கோதுமை மாவு. தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை. ஆறு பேருக்கு நோன்னா ஆறு முட்டை மாவை ஒரே தகடாகத் தேய்ப்பார். புதியவர்கள் இரண்டு முட்டை மாவில் தொடங்குங்கள். அதற்குமேல் போனால் கட்டையின் நீளத்தை அடக்கவே கை வராது.

மாவைக் குவித்து நடுவில் அகலமாகக் குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றுங்கள். முள்கரண்டியால் முட்டையை அடித்தபடியே உட்சுவரிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இங்கே எல்லாரும் செய்யும் பிழை, ஒரே பக்கத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டே போவது. சுவர் உடைந்து முட்டை பலகையெங்கும் ஓடும். ஓடினால் பதற வேண்டாம், கையால் அணைகட்டி மாவை மேலே தள்ளிவிடலாம். முட்டைகள் ஒரே எடையில் இருப்பதில்லை, அதனால் இரண்டு கரண்டி மாவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டினால் மட்டும் சேருங்கள்.

பிசைவது பத்து முதல் பதினைந்து நிமிடம். சப்பாத்தி மாவுக்குப் பழகிய கைக்கு இது கல்லாகத் தோன்றும், தண்ணீர் தெளிக்கக் கை பரபரக்கும். தெளிக்காதீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள். மேற்பரப்பு வழவழவென்று வந்து, விரலால் அமுக்கினால் குழி மெல்ல எழும்ப வேண்டும். பிறகு காற்றுப் புகாமல் மூடி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். இந்த அரை மணியை அவசரத்தில் குறைத்தால், தேய்க்கத் தேய்க்கத் தகடு சுருங்கிக்கொண்டே வரும், வெற்றி உங்களுக்கு இருக்காது. மூடாமல் விட்டால் மேலே காய்ந்த தோல் கட்டி, தேய்க்கும்போது அங்கேதான் விரிசல் விடும்.

தேய்ப்பதில் இரண்டு கட்டம். முதலில் நடுவிலிருந்து வெளிநோக்கி, கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி, வட்டம் கெடாமல் பெரிதாக்குவது. இது நமக்குத் தெரிந்ததுதான். அடுத்தது தெரியாதது: தகட்டின் தூர விளிம்பைக் கட்டையில் சுருட்டிக்கொண்டு, இரு கைகளையும் கட்டையின் நடுவிலிருந்து ஓரங்களுக்கு வழுக்கியபடி முன்னும் பின்னும் உருட்டுவது. மாவு நசுங்குவதில்லை, அகலவாட்டில் இழுபடுகிறது. நோன்னாவின் கையைக் கவனியுங்கள். தோள் அழுத்தாது, உள்ளங்கை மட்டும் மாவைத் தடவிக்கொண்டே விலகும். புதியவர்கள் உடம்பின் எடையைப் போட்டு அழுத்துவார்கள். நடுவில் ஓட்டை, ஓரத்தில் தடிப்பு என்று முடியும். தகட்டைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்கள் நிழலாகத் தெரிய வேண்டும். அந்த மெலிவு வந்தால் போதும்.

இப்போது ஒரு துணியின்மேல் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுவார். தொட்டால் ஒட்டாமல், மடித்தால் உடையாமல், மெல்லிய தோல் போல இருக்க வேண்டும். ஈரமாகவே சுருட்டினால் வெட்டிய பிறகு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதிகம் காய்ந்தால் சுருட்டும்போதே நொறுங்கும். சன்னல் திறந்திருந்தால் ஓரம் முதலில் காய்ந்துவிடும் என்பதால் பல நோன்னாக்கள் தேய்க்கும்போது சன்னலைச் சாத்தச் சொல்வார்கள்.

தளர்வாகச் சுருட்டி, அகலக் கத்தியால் ஏழு மில்லிமீட்டர் போல வெட்டி, விரலால் உதறிப் பிரித்தால் தால்யத்தெல்லே. வெந்தபின் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பொலோஞாவின் கணக்கு. 1972-ல் இத்தாலியச் சமையல் அகாதமி அந்த அகலத்தைப் பொலோஞா வணிக அவையில் பதிவே செய்தது. நகரத்து அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு என்று. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு இழையையும் அளந்து பார்ப்பார்கள்.

பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஓரத்தில் மிஞ்சும் கோணல் துண்டுகளை மல்தால்யாத்தி என்பார்கள், தாறுமாறாக வெட்டியவை என்று பொருள். அவரை, பயறு சூப்பில் போடுவார்கள். தாறுமாறாக வெட்டுவதுதான் முறை என்பதால் நான்கு வயதுப் பிள்ளைகூட உருட்டுக் கத்தியால் வெட்டலாம், யாரும் திருத்த மாட்டார்கள்.

வேகவைப்பது கண்மூடித் திறக்கும் வேலை. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் போலக் கல்லுப்பு. தளதளவென்று கொதித்த பிறகு போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அதனால்தான் எல்லாரும் மேசையில் உட்கார்ந்த பிறகே அவர் பாஸ்தாவைத் தண்ணீரில் போடுவார். "ஆ தாவொலா!" என்று குரல் வந்ததும் விளையாட்டு, கைபேசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடத் தாமதத்தில் அந்தக் காலை வேலை முழுவதும் குழைந்துபோகும்.

மேசையில்

ப்ரீமோ (பாஸ்தா), செகொந்தோ (இறைச்சி அல்லது அதற்கு ஈடான பதார்த்தம்) கூடவே காய்கறி, பிறகு பழம், இனிப்பு, காபி. இதற்கு முன்னால் தொடுபதார்த்தமும் இருக்கலாம். சாம்பாருக்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு ரசத்துக்கும் மோருக்கும் தவிப்பதைப் போலத்தான், புதியவர்கள் பாஸ்தாவையே முழுச் சாப்பாடு என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கிவிட்டு, அடுத்த தட்டு வரும்போது விழிப்பார்கள். தட்டில் போடும்போதே "உன் பொகீனோ" (கொஞ்சம்) என்று சொல்லுங்கள். குறைவாக வாங்கி இரண்டு முறை கேட்பது அவருக்குப் பெருமகிழ்ச்சி. நிறைய வாங்கி மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

பாஸ்தாவைக் கத்தியால் வெட்டக்கூடாது. பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அவரே வெட்டிக் கொடுப்பார். முள்கரண்டியில் மூன்று நான்கு இழை மட்டும் பிடித்து, தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுழற்றுங்கள். ரொட்டியைத் தலைகீழாக வைக்காதீர்கள், அபசகுனம் என்பார்கள். தட்டில் மிஞ்சிய சாறை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கு ஸ்கர்ப்பெத்தா என்று பெயர். உணவகத்தில் தயங்கலாம், நோன்னா வீட்டில் அதுதான் பாராட்டு. போதும் என்று சொல்ல "பஸ்தா கொசீ, கிராத்ஸியே". ஒரு தடவை சொன்னால் உபசாரம் என்று நினைத்து மேலும் போடுவார், நம் வீடுகளில் நடப்பதுதான். இலையை மூடுவது போன்ற அடையாளம் அங்கே இல்லை, அதனால் கையைத் தட்டின்மேல் லேசாகக் காட்டி, சிரித்தபடி, "எரா புவொனிஸ்ஸிமோ" (அருமையாக இருந்தது) என்பதையும் சேர்த்துச் சொன்னால் விடுவார்.

இனிப்பில் தோர்த்தா தி ரீஸோ வந்தால் விட்டுவிடாதீர்கள். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து முட்டை, சர்க்கரை, பாதாம் சேர்த்துச் சுடுவது. பாயசத்துக்குப் பழகிய நாக்குக்கு அது உடனே பிடிபடும். மேலே பாதாம் மதுச்சாறு தடவுவதுண்டு, பிள்ளைகளுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ஸூப்பா இங்க்லேஸே என்ற அடுக்கு இனிப்பின் சிவப்பு நிறமும் அல்கெர்மெஸ் என்ற மதுதான். காபி எல்லாவற்றுக்கும் பிறகு, தனியாக. பால் கலந்த கப்புச்சீனோவைச் சாப்பாட்டுக்குப் பின் கேட்காதீர்கள், அது காலைக்கு உரியது. பெரியவர்களுக்கு நொச்சீனோ என்ற கருநிற மதுவை ஒரு சிறு கிண்ணத்தில் நீட்டக்கூடும். ஜூன் 24, புனித யோவான் நாளை ஒட்டிப் பறித்த பச்சை அக்ரூட் காய்களை ஊறவைத்துச் செய்வது. வேண்டாம் என்றால் வேண்டாம் எனலாம், வருத்தப்பட மாட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் "போஸ்ஸோ அயுதார்லா?" (உதவட்டுமா?) என்று கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார். தட்டுகளை எடுத்துச் சமையலறை வரை கொண்டுபோய் வைப்பதை எப்போதும் ஏற்பார்கள். காபிப் பாத்திரமான மோகாவை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடாதீர்கள், வெறும் தண்ணீர்தான்.

பிற்பகல்

இரண்டிலிருந்து நான்கு மணி வரை வீடும் தெருவும் அமைதியாகும் நேரம். அடுக்ககமாக இருந்தால் பிள்ளைகள் பந்து தட்டி ஓட அப்போது அனுமதி இருக்காது. சிறு பிள்ளைகளைத் தூங்கவையுங்கள், பெரிய பிள்ளைகளுக்குப் பழைய புகைப்படத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாகத் திறந்துகொள்ளும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மார்சபோத்தோவைச் சுற்றியுள்ள மலையூர்களில் 1944 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை நாஜிப் படைகள் குழந்தைகள் உட்பட 700க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. அங்குள்ள வயதானவர்கள் பலருடைய குடும்பத்தில் அந்தக் கணக்கில் ஒருவர் இருப்பார். படத்தில் இருப்பவர் எப்படி இறந்தார் என்று நாமாகத் துருவக்கூடாது. அவராகச் சொன்னால், கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாலு மணிக்குமேல் ஊருக்குள் ஒரு சிறு நடை. மார்சபோத்தோவில், ரோமர்களுக்கு முன் வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்து நகரின் அடித்தளங்கள் திறந்தவெளியில் கிடக்கின்றன, பிள்ளைகள் ஓட நல்ல இடம். அக்டோபரில் போனால் செஸ்ட்நட் பொறுக்கலாம், ஆனால் மரம் யாருடையது என்று நோன்னாவைக் கேட்டபிறகு. சொந்தக்காரர் இருக்கும் தோப்பில் பொறுக்கினால் சண்டைக்கு வருவார்கள். அதே மாதம் 2-ஆம் தேதி இத்தாலியில் தாத்தா பாட்டிகளுக்கான நாள், 2005-ல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அதை ஒட்டிய ஞாயிறு என்றால் பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்திருப்பார்கள், மேசையில் இடம் பார்த்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து மெரெந்தா. முறுக்கும் தேநீரும் இப்போது. கிளம்புகிறோம் என்று சொல்லி, உண்மையில் வாசலைத் தாண்ட அரை மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கணக்குப் போடுங்கள். இந்த அரை மணியில்தான் டப்பாக்கள் வரும்: மிஞ்சிய ரகூ, ஒரு துண்டு தோர்த்தா, தோட்டத்துக் கீரை. மறுக்காதீர்கள். ரகூ உறைபெட்டியில் வைத்தால் தாங்கும், தால்யத்தெல்லேயை மாவு தூவித் தளர்வாக எடுத்துப்போய் அன்றிரவே வேகவைத்துவிடுங்கள். ஈர முட்டை மாவு பையில் கிடந்தால் மறுநாளைக்குள் புளித்து நிறம் மாறிவிடும்.

வீடு சேர்ந்ததும், எவ்வளவு நேரமானாலும், "சியாமோ அர்ரிவாத்தி" (வந்து சேர்ந்துவிட்டோம்) என்று ஒரு அழைப்பு. குறுஞ்செய்தி வேண்டாம், குரல்தான் வேண்டும். அதுவரை அவர் தூங்கமாட்டார். டப்பாவைக் கழுவி எடுத்து வையுங்கள். நம் வீட்டு வழக்கப்படியே, அடுத்த முறை அதில் ஏதாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.